உள்ளங்கைக்குள் ஒரு டென்னிஸ் மைதானம்!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இரண்டு டவுன் பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினால் எவ்வளவு நீளம் வரும்? ஏறக்குறைய 78 அடி. ஒரு டென்னிஸ் மைதானத்தின் நீளமும் அதுதான். மீட்டரில் சொன்னால் 23.77.

அவ்வளவு பெரிய மைதானத்தை, நடுவில் இருக்கும் வலை, உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர், கைதட்டும் கூட்டம் எல்லாவற்றோடும் சேர்த்துச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? முடியுமே! கையில் பிடித்து ஆடும் வீடியோ கேமில் டென்னிஸ் விளையாடியிருக்கும் வாண்டுகளுக்கு இது தெரிந்த கதைதான். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி, லால்குடி வருவதற்குள் ஒரு செட் ஜெயித்துவிடும் கில்லாடிகள் உங்களில் எத்தனை பேர்?

"பட்டனைத் தட்டினால் பந்து போகிறது. இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது குட்டீஸ். அந்தப் பந்துக்குக் கனம் கிடையாது. அது ரப்பரும் இல்லை. வெறும் ஒளிப்புள்ளி! ஆனாலும் அது நிஜப் பந்தைப்போலவே வளைகிறது, விழுகிறது, எழும்புகிறது, வலையில் பட்டுச் சுருண்டு கீழே இறங்குகிறது. எங்கே விழ வேண்டும், எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒருவர் அல்ல, பல பேர். பந்து மோதித் திரும்பும் அந்தப் புதிரை ஆராய்ந்தவர்களில், நம் திருவானைக்காவலில் பிறந்த ஒருவரும் உண்டு. அவர் யார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுகிறேன்.

விருந்தாளிகளுக்காக ஒரு விளையாட்டு

1958-ம் வருடம். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. அணுசக்தி பற்றியெல்லாம் ஆராயும் இடம். வருடத்துக்கு ஒருமுறை பொதுமக்களை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விடுவார்கள்!

வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானிக்கு இது பொறுக்கவில்லை. ஜனங்கள் தொட்டு விளையாடும்படி ஏதாவது செய்யலாமே என்று யோசித்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருந்தது. எறியப்பட்ட பொருள் எந்தப் பாதையில் போகும் என்று அது கணக்குப் போடும். 'அப்படியானால் ஒரு பந்தின் பாதையையும் போடுமே!' என்று அவருக்குப் பொறி தட்டியது. சக ஊழியர் ஒருவர் உதவியுடன் சில வாரங்களில் வேலையை முடித்துவிட்டார்.

திரை வெறும் 5 அங்குலம். மின் அலைகளைப் பார்க்கும் அலைகாட்டிக் கருவியின் வட்டத் திரை அது. கீழே ஒரு கோடு போட்டால் தரை. நடுவில் குட்டையாக ஒரு கோடு நிறுத்தினால் வலை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும் ஒரு வெளிச்சப் புள்ளிதான் பந்து. ஆளையும் காணோம், மட்டையையும் காணோம்! கையில் ஒரு பெட்டி. அதில் இருக்கும் குமிழைத் திருகினால் பந்து போகும் கோணம் மாறும். பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கலாம். அவ்வளவுதான். அதற்கே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். 'இருவருக்கான டென்னிஸ்' என்று அதற்குப் பெயர்.

அடுத்த வருடம் இன்னும் பெரிய திரை வந்தது. கூடவே ஒரு வேடிக்கையும் சேர்ந்தது. நிலாவில் டென்னிஸ் ஆடினால் பந்து எப்படிப் போகும்? வியாழன் கிரகத்தில் ஆடினால்? ஈர்ப்பு விசையை மாற்றி அதையும் ஆடிப் பார்க்கலாம்! நிலாவில் பந்து சாவகாசமாக மிதந்து வரும். வியாழனில் 'சொத்'தென்று விழும்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தக் கருவியைப் பிரித்துப் பாகங்களை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹிகின்பாதம் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. அவர் மனசு வேறு எங்கோ இருந்தது. முதல் அணுகுண்டு தயாரான திட்டத்தில் மின்னணுப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். போர் முடிந்ததும், அணு ஆயுதங்கள் பரவாமல் தடுக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். அந்த வேலைக்காகத்தான் தன்னை உலகம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாவம், வீடியோ கேம் தாத்தா என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். 1994-ல் காலமானார்.

புவியீர்ப்பை மறந்த பந்து

14 வருடம் கழித்து, 1972-ல் 'பாங்' வந்தது. அடாரி கம்பெனிக்காக ஆலன் ஆல்கார்ன் என்ற இன்ஜினீயர் செய்தது. இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள், நடுவில் ஒரு சதுரப் புள்ளி. உங்கள் தாத்தா, பாட்டி காலத்து சூப்பர் ஹிட்! கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் முதலில் வைத்த இயந்திரம் கொஞ்ச நாளிலேயே மக்கர் செய்தது. திறந்து பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. காசு போடும் பெட்டி நிரம்பி வழிந்ததுதான் காரணம்!

ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 1958-ல் வந்த பந்து வளைந்து விழுந்தது. 1972-ல் வந்த பந்து நேர்கோட்டில் மட்டுமே போனது. அதற்குப் புவியீர்ப்பும் கிடையாது, காற்றும் கிடையாது. விளையாட்டு பிரமாதம். ஆனால் டென்னிஸ் என்று சொன்னால் கேரம் போர்டுக்குக் கோபம் வரும்!

1989-ல் நின்டெண்டோவின் 'கேம் பாய்' வந்தது. டென்னிஸ் முதல்முறையாகப் பலருடைய சட்டைப் பைக்குள் குடியேறியது அப்போதுதான். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நாலே நாலு சாயல்கள். மொத்தத் திரையிலும் 23,040 புள்ளிகள். உயர நாற்காலியில் நடுவராக உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தால், நம்ம மீசைக்கார மேரியோ! இரண்டு கேம் பாய்களை ஒயரால் இணைத்து நண்பனோடும் ஆடலாம்.

சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் 1,30,560 புள்ளிகள். 1999-ல் பெரிய ஆர்கேடு இயந்திரங்களில் கலக்கிய 'வெர்ச்சுவா டென்னிஸ்', 2005-ல் இந்தக் குட்டிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. வீரர் ஓடும்போது நிழல் கூடவே ஓடியது. ரோஜர் ஃபெடரரை ஃபெடரர் என்று அடையாளம் காண முடிந்தது. 2020-ல் ஆஸ்திரேலியன் ஓப்பனின் சொந்த விளையாட்டான 'ஏ.ஓ. டென்னிஸ் 2' நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்தபோது, வீரருக்கு மூச்சு வாங்குவதுகூடக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

வலைக்குள் புகுந்து போகும் மாயப் பந்து

இப்போது பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்போம். (கற்பனையில்தான்! ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடாதீர்கள்.)

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படம் வரைந்து 'சர்ர்ர்' என்று புரட்டி விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? வீடியோ கேமும் அதே வித்தைதான். நொடிக்கு 60 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: 'பந்து இப்போது எங்கே இருக்கும்?' கணக்குப் போட்டு, அங்கே வரைகிறது. அடுத்த படத்துக்கு மறுபடியும் அதே கேள்வி.

சரி, நீங்கள் ஒரு சர்வீஸ் போடுகிறீர்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது சாதாரணம். அந்த வேகத்தில் பந்து ஒரு நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் போகும். 60-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து 93 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும்!

இங்கேதான் ஒரு பூதம் கிளம்புகிறது. பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. வலையோ துணிபோல மெல்லியது. ஒரு படத்தில் பந்து வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அடுத்த படத்தில் அந்தப் பக்கம் இருக்கிறது. வலையைத் தொட்ட படம் என்று ஒன்று இல்லவே இல்லை! தாழ்வாக அடித்த பந்துகூட, சுவருக்குள் புகுந்து போகும் பேய்க்கதை மாதிரி, வலைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும்.

இதை எப்படிச் சரி செய்கிறார்கள்? பந்து முன்பு இருந்த இடத்திலிருந்து இப்போதைய இடத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடு வலையை வெட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். வெட்டினால், 'பந்து வலையில் பட்டது' என்று தீர்ப்பு. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடிக்கும் கணக்கு உங்கள் அண்ணன், அக்காவின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 'இதெல்லாம் எதுக்குப் படிக்கணும்?' என்று அவர்கள் முனகினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!

இன்னொரு ரகசியமும் உண்டு. நீங்கள் பட்டனை அழுத்தியதும் திரையில் இருக்கும் வீரர் மட்டையைச் சுழற்றுகிறார். பந்து சரியாக மட்டையின் நடுவில் வந்து விழுகிறது. உங்கள் திறமை என்றா நினைத்தீர்கள்? பாதிதான்! பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வீரரின் கால்களைக் கொஞ்சம் நகர்த்திவிடுவது கம்ப்யூட்டர். பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினீர்களா, முன்னாலேயே இடத்தில் போய் நின்றீர்களா என்பதை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த உதவி மட்டும் இல்லையென்றால், பத்தில் ஒன்பது பந்தைக் கோட்டை விட்டுவிட்டுக் கன்சோலைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து ஒரு பந்து

மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை நேராகக் கீழே விடுவதாகக் கற்பனை செய்வோம். கற்பனை மட்டும்! நிஜத்தில் செய்தால், கீழே நடந்து போகிறவர் உங்கள் காதைத் திருகுவார்.

உலகத்தில் காற்றே இல்லையென்றால், தரையைத் தொடும்போது அந்தப் பந்தின் வேகம் மணிக்கு 145 கிலோமீட்டர். ஆனால் காற்று இருக்கிறதே! அது பந்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. அதனால் மணிக்கு சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் ஏறாது. டென்னிஸ் பந்தின் மேல் இருக்கும் அந்தப் பஞ்சுபோன்ற ரோமம் காற்றை நன்றாகப் பற்றிக்கொள்ளும். மணிக்கு 200 கிலோமீட்டரில் கிளம்பும் சர்வீஸ், தரையில் குத்தி எழும்பி எதிராளியின் மட்டைக்குப் போய்ச் சேரும்போது பாதி வேகம்தான் மிச்சம் இருக்கும். காற்றை மறந்துவிட்டு கேம் செய்தால், எல்லாப் பந்தும் மைதானத்துக்கு வெளியேதான் விழும்.

அடுத்தது சுழற்சி. பந்தை மட்டையால் கீழிருந்து மேலாக உரசி அடித்தால் அது முன்பக்கமாக உருண்டுகொண்டே பறக்கும். இதுதான் 'டாப் ஸ்பின்'. சுழலும் பந்து தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்து, பின்பக்கமாக மேலே தள்ளிவிடும். காற்றை மேலே தள்ளினால், காற்று பந்தைக் கீழே தள்ளும். அதனால்தான் 'வெளியே போய்விட்டது' என்று நாம் நினைக்கும் பந்து, கடைசி நேரத்தில் தலையைக் குனிந்து கோட்டுக்குள் விழுகிறது. ரஃபேல் நடால் ஆடிய காலத்தில் அவர் அடித்த பந்து நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல் சுற்றியது. மேலிருந்து கீழாக உரசினால் 'ஸ்லைஸ்'. அந்தப் பந்து மிதந்து போகும். தரையில் பட்டதும் அதிகம் எழும்பாமல் வழுக்கும்.

பந்து ஏன் வளைகிறது என்ற இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. சாய்வாகப் பிடித்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாக, ஒளியையும் நிறங்களையும் பற்றி 1672-ல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார் ஐசக் நியூட்டன். 1852-ல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் மாக்னஸ் சோதனை செய்து காட்டினார். அதனால் 'மாக்னஸ் விளைவு' என்றே பெயர். 1877-ல் இங்கிலாந்தின் ரேலே பிரபு, டென்னிஸ் பந்து கோணலாகப் பறப்பதைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டார். இவ்வளவு பெரிய மேதைகள் யோசித்த கணக்கை, உங்கள் கன்சோல் நொடிக்கு 60 தடவை சத்தம் இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தத் திருவானைக்காவல்காரர்

இப்போது நம் ஊர்க்காரருக்கு வருவோம். கண்டுபிடித்திருப்பீர்களே! சர் சி.வி. ராமன்தான். 1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்தார் என்பதும் சிலருக்குத் தெரியும். ஆனால் பந்துகள் மோதிக்கொள்வதையும் அவர் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, மிக மெதுவாக மோதிக்கொள்ளும் கோளங்களைப் புகைப்படம் எடுத்து அவர் செய்த ஆய்வு 1918-ல் வெளியானது. வேகமாக மோதும் பந்து, மோதலில் நிறைய வேகத்தை இழந்துவிடுகிறது. மெதுவாக மோதும் பந்தோ, வந்த வேகத்தில் பெரும்பங்கோடு திரும்புகிறது. மோதல் மெதுவாக ஆக ஆக, இழப்பும் குறைந்துகொண்டே போகிறது.

டென்னிஸ் கேம் செய்கிறவர்களுக்கு இந்த 'எவ்வளவு பங்கு திரும்பும்?' என்ற எண்தான் உயிர். நிஜப் பந்துக்கே இதில் பரீட்சை உண்டு. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால், பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். குறைந்தாலும் ஃபெயில், கூடினாலும் ஃபெயில்! எடையும் 56 கிராமிலிருந்து 59.4 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

பந்து ஒன்றுதான். ஆனால் தரைக்குத் தரை அதன் குணம் மாறும். விம்பிள்டனின் புல்தரையில் பந்து தாழ்வாக, வழுக்கிக்கொண்டு வரும். பிரெஞ்சு ஓப்பனில் மேலே தூவியிருப்பது செங்கல் தூள். அதில் பந்து பிடிபட்டு, வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். அதனால்தான் ஒரே வீரர் ஒரு ஊரில் ராஜாவாகவும் இன்னொரு ஊரில் சாதாரண ஆளாகவும் இருக்கிறார். கேமில் 'புல்தரை', 'களிமண் தரை' என்று நீங்கள் தேர்வு செய்யும்போது, படத்தின் நிறம் மட்டும் மாறுவதில்லை. இந்த எண்களும் மாறுகின்றன. நல்ல கேமா, சுமாரான கேமா என்று கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தரையை மாற்றியும் பந்து ஒரே மாதிரி எழும்பினால், அது வெறும் பெயின்ட் வேலை!

தோற்கக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர்

எதிரில் ஆடும் கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கி விடுகிறீர்களே, ஒரு உண்மை சொல்லட்டுமா? அது நினைத்தால் ஒரு பாயின்ட்கூட உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் பட்டனை அழுத்திய மறுகணமே பந்து எங்கே விழும் என்று அதற்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டதே அதுதானே!

அப்படி ஆடினால் உங்களுக்கு அழுகை வந்துவிடும். அதனால் கேம் செய்கிறவர்கள் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் மக்காக்குகிறார்கள். மனிதர்களுக்குக் கண்ணால் பார்த்து உடம்பை அசைக்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். கம்ப்யூட்டரையும் அதுபோலக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அவ்வப்போது தப்பான பக்கம் ஓடச் சொல்கிறார்கள். சில சமயம் வலையில் அடிக்கச் சொல்கிறார்கள். 'ஈஸி' என்றால் அதிகத் தப்பு, 'ஹார்ட்' என்றால் குறைந்த தப்பு. ஜெயிக்கும் கம்ப்யூட்டரைச் செய்வது சுலபம். மனிதனைப்போல நம்பும்படி தோற்கும் கம்ப்யூட்டரைச் செய்வதுதான் கஷ்டம்.

மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியுமா?

கேம் நன்றாக ஆடினால் நிஜ டென்னிஸ் வந்துவிடுமா? என் அண்ணன் மகனுக்கு இந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக. ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டுப் பக்கம் டென்னிஸ் மைதானம் கிடையாது. ஆனால் கையில் கன்சோல் உண்டு. அதில் அவன் சாம்பியன். ஏழாம் வகுப்பு லீவில், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனோம்.

மட்டையைக் கையில் வாங்கியதும் முதல் அதிர்ச்சி. சுமார் 300 கிராம்! கன்சோலைப்போல அதை இரண்டு கையிலும் வசதியாகப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? முதல் பந்து வேலிக்கு வெளியே போனது. இரண்டாவது, தலைக்கு மேலே போனது. "பட்டனே இல்லையே சித்தப்பா!" என்றான். பத்து நிமிஷத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. திருச்சி வெயில் எந்த கேமிலும் வராது.

ஆனால் கோச் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு பந்தையும் அடித்துவிட்டு, அது எங்கே போனாலும், இவன் ஓடி வந்து கோட்டின் நடுவில் நின்றுகொண்டான். புதுசாக வருகிற பிள்ளைகள் அடித்த இடத்திலேயே நின்று பந்தை வேடிக்கை பார்ப்பார்களாம். "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். அவன் வெட்கத்தோடு பையில் இருந்த கன்சோலைக் காட்டினான். 15, 30, 40, டியூஸ், அட்வான்டேஜ் என்று ஸ்கோர் சொல்வதிலும் அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மூளை ஏற்கெனவே மைதானத்துக்கு வந்துவிட்டது. கைதான் இன்னும் வந்து சேரவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் போகிறான். சர்வீஸ் மூன்றில் ஒன்று உள்ளே விழுகிறதாம்.

களைப்பு விஷயத்தில் நிஜமும் கேமும் எவ்வளவு தூரம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்தது. 2008-ல் அரை இறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். மூன்று செட்டும் டை பிரேக்கர். ஏறக்குறைய நாலு மணி நேரம் போராடி நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதிப் போட்டி. மிகயீல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று சுருண்டுவிட்டார்! கேமில் களைப்பைக் காட்டும் பட்டைக் கோடு குறைந்துகொண்டே வருமே, அதற்கு நிஜத்தில் அர்த்தம் இதுதான். கேமில் அடுத்த ஆட்டத்துக்குக் கோடு முழுசாக நிரம்பிவிடும். நடாலின் கால்களுக்கு ஒரு ராத்திரி போதவில்லை.

எண்களுக்குள் அடங்காத ஆட்டக்காரர்களும் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் என்ற பெயரைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நாகர்கோவிலில் பிறந்தவர். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு வருடம் விம்பிள்டன் அரை இறுதிவரை போனார். இரண்டு முறையும் அந்த வருட சாம்பியனிடம்தான் தோற்றார். கேமில் ஒவ்வொரு வீரருக்கும் சர்வீஸ், வேகம், பலம் என்று மார்க் போடுவார்கள் இல்லையா? கிருஷ்ணனின் சர்வீஸ் மென்மையானது. அதற்கு ரொம்பக் குறைவான மார்க்தான் விழும். ஆனால் பந்தை எங்கே வைத்தால் எதிராளி திணறுவார் என்று அவருக்குத் தெரியும்.

1966-ல் கல்கத்தாவில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் பிரேசிலின் தாமஸ் காக்கிடம் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பின்தங்கி, நாலாவது செட்டிலும் 2-5 என்று இருந்தார். எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு கேம் கிடைத்தால் இந்தியா அவுட். அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம்களை ஜெயித்து அந்த செட்டைப் பிடித்தார். அடுத்த செட்டையும் எடுத்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது அப்படித்தான். 2-5 என்று இருக்கும்போது கன்சோலை 'ஆஃப்' செய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் வாண்டுகள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்!

ஸ்கேலும் பந்தும் போதும்

இந்த லீவில் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு டென்னிஸ் பந்து, அளக்கும் டேப், கூட ஒரு நண்பன். அவ்வளவுதான் தேவை. சுவரில் 100 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். (அம்மாவிடம் கேட்டுவிட்டு!) அந்த உயரத்திலிருந்து பந்தைக் கையை விட்டு விடுங்கள், எறியக் கூடாது. எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று நண்பன் குனிந்து பார்த்துச் சொல்லட்டும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

புதுப் பந்து, சிமென்ட் தரை என்றால் 55 சென்டிமீட்டரோ, அதற்குச் சற்று மேலோ வரும். தெருவில் கிரிக்கெட் ஆடி ரோமமெல்லாம் தேய்ந்த பந்தையும் விட்டுப் பாருங்கள். காற்று இறங்கியிருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பந்தை மத்தியான வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்துவிட்டு இன்னொரு தடவை அளங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகிப் பந்து கூடுதலாக எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு 200 சென்டிமீட்டரிலிருந்து விடுங்கள். 100-க்கு 55 என்றால் 200-க்கு சரியாக 110 வருகிறதா, கொஞ்சம் குறைகிறதா? குறைந்தால், 1918-ல் ராமன் கவனித்த விஷயத்தின் வாலை நீங்களும் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் தரையை மாற்றுங்கள். மொசைக் தரை, மொட்டை மாடித் தட்டோடு, வாசல் மண், ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு என்றால் கருங்கல் படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி வைத்துக்கொண்டால், ஒரு கேம் செய்யத் தேவையான பட்டியல் உங்கள் நோட்டில் தயார்.

கடைசியாக, அப்பாவோடு காவிரிக்கரைக்குப் போகும்போது பந்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். காய்ந்த மணலில் விட்டால் 'தொப்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வரும். அந்த மைதானத்தில் ஃபெடரரே வந்தாலும் ஒரு பாயின்ட் ஆட முடியாது!